போர்க்காலச் சிறார் இடப்பெயர்வும் புதுக்கோட்டைச் சீமையும்

முன்னுரை

போர் தொடங்குமுன், போரில் ஈடுபடாதவரை விலகிச் செல்லுமாறு அறிவிப்பது பண்டைத் தமிழர் போற்றிய அறம். பாண்டியன் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியை நெட்டிமையார் பாடிய புறநானூற்று ஒன்பதாம் பாடல் இவ்வறத்தை எடுத்துரைக்கிறது. ஆக்கள், அந்தணர், மகளிர், பிணியுற்றோர், புதல்வரைப் பெறாதோர் ஆகியோர் தத்தமக்குப் பாதுகாவலான இடத்தை அடையவேண்டும் என்பது அப்பாடலில் வரும் அறிவிப்பு. இவ்வரிசையில் சிறு குழந்தைகள் தனியே சுட்டப்படவில்லை என்பது ஈண்டு நோக்கத்தக்கது. சேயைத் தாயினின்றும் பிரித்து எண்ணாத வாழ்வு அக்கால வாழ்வு. எனவே மகளிரைச் சுட்டிய இடத்தில் அவர்தம் மக்களும் அடங்குவர் என்று கொள்வதே பொருத்தமாகும்.

இருபதாம் நூற்றாண்டின் போர்கள் இந்நிலையை மாற்றின. போர்க்களம் என ஓர் இடம் வரையறுக்கப்பட்ட காலம் போய், வானூர்தி எட்டும் இடமெல்லாம் போர்க்களம் ஆயிற்று. பெற்றோர் நகரில் தங்க, பிள்ளைகள் மட்டும் நாட்டுப்புறம் நோக்கி அனுப்பப்பட்டனர். உலக வரலாற்றில் பெரிதும் பேசப்படும் இந்நிகழ்ச்சிக்கும் நம் புதுக்கோட்டை மாவட்டத்துக்கும் தொடர்பு உண்டா? உண்டெனின் அது எத்தகையது? இவ்வினாக்களை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது. பிள்ளையை ஆபத்தினின்று அகற்றுவது பாதுகாப்பில் ஒரு பாதியே. அப்பிள்ளையை ஏற்று வளர்ப்பார் இருப்பது மறு பாதி என்பது இதன்கண் நிறுவப்படும் கருத்தாகும்.

பறம்பு மலை கற்பிக்கும் பாடம்

பொன்னமராவதிக்கு அண்மையில், சிவகங்கை மாவட்ட எல்லைக்குள், பிரான்மலை உள்ளது. சங்க இலக்கியம் போற்றும் பாரியின் பறம்பு மலை இதுவே என்பது அறிஞர் பலர்தம் கருத்து. மூவேந்தர் முற்றுகைக்குப்பின் பாரி மறைந்தான். அவன் மகளிர் இருவரையும் அழைத்துக்கொண்டு கபிலர் மலையை விட்டு வெளியேறினார். அவர்களை மணந்துகொள்ளுமாறு விச்சிக்கோனையும் இருங்கோவேளையும் வேண்டினார். இருவரும் இசையவில்லை. பின்னர் அம்மகளிரை அந்தணரிடம் ஒப்படைத்துவிட்டுக் கபிலர் வடக்கிருந்தார் எனப் புறநானூற்றின் பழங்குறிப்பால் அறிகிறோம்.

பாரி மகளிர் சிறுமியர் அல்லர்; மணப்பருவம் எய்தியவர். எனினும் போரினால் வீடிழந்த இளையோரின் நிலைக்கு இதனினும் பழைய சான்று நம் இலக்கியத்தில் காண்டல் அரிது. அவர்களை மலையினின்றும் இறக்கி அழைத்துவர ஒரு கபிலர் இருந்தார். ஆயினும் அவர் தட்டிய முதற் கதவுகள் திறக்கவில்லை. வெளியேறுவதைக் காட்டிலும் ஏற்பாரைக் காண்பதே அரிதாயிருந்தது என்பதை இவ்வரலாறு உணர்த்துகிறது.

இங்கிலாந்தின் திட்டமிட்ட இடப்பெயர்வு

சிறாரைப் பெருந்திரளாக நாட்டுப்புறத்துக்கு அனுப்பும் திட்டத்தை அரசே வகுத்து நிறைவேற்றிய நாடுகளுள் இங்கிலாந்து முதன்மையானது. 1939 செப்டம்பர் முதல் நாள் இப்பணி தொடங்கிற்று. சில நாள்களுக்குள் ஏறத்தாழ 15 லட்சம் பேர் நகரங்களினின்றும் சிற்றூர்களுக்குச் சென்றனர். அவர்களுள் 8 லட்சத்துக்கு மேற்பட்டோர் பள்ளிச் சிறார். ஆசிரியர்கள் உடன் சென்றனர். ஒவ்வொரு பிள்ளையின் சட்டையிலும் பெயர்ச்சீட்டுக் கட்டப்பட்டது. நச்சுக்காற்றைத் தடுக்கும் முகமூடி ஒரு பெட்டியில் வைத்துத் தரப்பட்டது. பிள்ளைகளை ஏற்ற வீட்டார்க்கு அரசு வாரந்தோறும் உதவித்தொகை அளித்தது.

திட்டம் செம்மையாயினும் குறைகளும் இருந்தன. பல ஊர்களில் பிள்ளைகள் ஊர்ப் பொது மண்டபத்தில் நிறுத்தப்பட்டனர். வீட்டுக்காரர்கள் வந்து தமக்கு விருப்பமானவரைத் தேர்ந்தெடுத்துச் சென்றனர். உடன்பிறந்தோர் வெவ்வேறு வீடுகளுக்குப் பிரிந்து போயினர். எதிர்பார்த்த குண்டுவீச்சு உடனே நிகழாமையால், 1940 ஜனவரிக்குள் சென்றவருள் ஏறத்தாழப் பாதிப்பேர் வீடு திரும்பிவிட்டனர். பிரிவைத் தாங்க இயலாத தாய்மாரே பிள்ளைகளை மீட்டழைத்தனர்.

இலண்டனில் போர்க்காலக் குழந்தைகள் இல்லம் நடத்திய அன்னா பிராய்டும் டாரதி பர்லிங்காமும் தாம் நேரிற் கண்டவற்றை 1943இல் நூலாக வெளியிட்டனர். குண்டுவீச்சைவிடத் தாயைப் பிரிந்தமையே இளங்குழந்தைகளைப் பெரிதும் வாட்டியது என்பது அவர்கள் கண்ட முடிவு. தாயின் மடியில் இருந்துகொண்டு குண்டொலி கேட்ட குழந்தை அமைதி பெற்றது. அமைதியான ஊரில் அயலார் வீட்டில் இருந்த குழந்தை கலங்கியது.

கடல் கடந்தும் பிள்ளைகள் அனுப்பப்பட்டனர். 1940 செப்டம்பர் 17ஆம் நாள், கனடா நோக்கிச் சென்ற 'சிட்டி ஆஃப் பெனாரஸ்' என்னும் கப்பல் ஜெர்மானிய நீர்மூழ்கியால் தாக்கப்பட்டு மூழ்கியது. அரசுத் திட்டத்தின்கீழ் அதிற் சென்ற 90 சிறாருள் 77 பேர் மாண்டனர். காசி நகரின் பெயர் தாங்கிய அக்கப்பலில் பணிபுரிந்த இந்திய மாலுமிகளும் பெருந்தொகையினராக உயிரிழந்தனர். ஆங்கிலச் சிறாரின் துயர வரலாற்றில் நம் நாட்டு உழைப்பாளரின் துயரமும் கலந்திருப்பதைப் பலர் அறியார். இதன்பின் கடல்கடந்து அனுப்பும் திட்டம் கைவிடப்பட்டது.

1942இல் சென்னை மாநகர்

நம் நாட்டில் இதற்கு ஒப்பான நிகழ்ச்சி 1942 ஏப்ரலில் சென்னையில் நிகழ்ந்தது. முதல் உலகப்போரின்போது, 1914 செப்டம்பர் 22ஆம் நாள் இரவில் 'எம்டன்' கப்பல் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்ததும் மக்கள் அஞ்சி ஊரை விட்டு ஓடியதும் முதியோர் நினைவில் இருந்தன. இரண்டாம் உலகப்போரில் சிங்கப்பூர் 1942 பிப்ரவரி 15ஆம் நாள் வீழ்ந்தது. ஏப்ரல் 5ஆம் நாள் கொழும்பும், 6ஆம் நாள் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும், 9ஆம் நாள் திரிகோணமலையும் ஜப்பானியரால் தாக்கப்பட்டன. இன்றியமையாப் பணி இல்லாதவர் நகரை விட்டு வெளியேறுதல் நன்று என மாகாண அரசு அறிவுறுத்தியது. அப்போது ஆர்தர் ஹோப் ஆளுநராயிருந்தார். அலுவலகங்கள் பல உள்நாட்டு ஊர்களுக்கு மாற்றப்பட்டன. குண்டுவீச்சில் கூண்டு உடைந்து வெளிவரக்கூடும் என்றஞ்சி, உயிர்க்காட்சிச் சாலையின் கொடிய விலங்குகள் சுட்டுக் கொல்லப்பட்டன. அக்காலத்தைச் சென்னை முதியோர் 'எவாக்குவேஷன் காலம்' என்றே குறிப்பது வழக்கம்.

இங்கிலாந்துக்கும் சென்னைக்கும் உள்ள வேறுபாடு எண்ணத்தக்கது. அங்கு அரசு புகைவண்டி அமர்த்தி, வீடு ஒதுக்கி, உதவித்தொகை அளித்தது. இங்கு அரசு அறிவுரை தந்தது; வழியை மக்களே தேடிக்கொண்டனர். பெட்டி படுக்கையுடன் எழும்பூர் நிலையத்திற் கூடியோர் தத்தம் பூர்விக ஊருக்குச் சென்றனர். தாத்தா வீடு, மாமன் வீடு, பெரியம்மா வீடு ஆகியனவே நம் பிள்ளைகளுக்குப் புகலிடம் ஆயின. பெரும்பாலும் தாயும் பிள்ளைகளும் ஊரில் இருக்க, தந்தை மட்டும் வேலையின் பொருட்டு நகரில் தங்கினார். எனவே இங்கிலாந்துச் சிறார் உற்ற தாய்ப்பிரிவை நம் சிறாருட் பலர் உறவில்லை. உறவு என்னும் கட்டமைப்பு அரசு செய்யாததைச் செய்தது.

ஆயின் இதற்கு மறுபக்கமும் உண்டு. ஊரில் வீடும் நிலமும் உறவும் உடையார்க்கே இவ்வழி திறந்திருந்தது. பிழைப்புத் தேடி நகருக்கு வந்து, ஊரில் ஏதும் இல்லாதவராய் ஆகிவிட்ட ஏழைத் தொழிலாளியின் பிள்ளை எங்கே போகும்? அவர்களுக்கென ஒரு புகலிடமும் வகுக்கப்படவில்லை.

பர்மாவினின்றும் வந்த பிள்ளைகள்

புதுக்கோட்டைச் சீமைக்குப் போர் பர்மா வழியாகவே முதலில் வந்தது. 1931ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி பர்மாவில் வாழ்ந்த இந்தியர் 10 லட்சத்துக்கு மேற்பட்டோர். இரங்கூன் நகர மக்களுள் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியரே. இராயவரம், அரிமளம், பொன்னமராவதி முதலிய பகுதிகளின் நகரத்தார் அங்குக் கொண்டுவிற்றல் தொழில் புரிந்தனர். அவர்தம் கடைகளில் கணக்கெழுதவும் சமைக்கவும் பணியாற்றவும் பல சமூகத்தாரும் சென்றனர். தமிழ் முஸ்லிம் வணிகரும் இரங்கூன் கடைத்தெருக்களிற் பெருந்தொகையினராயிருந்தனர்.

1941 டிசம்பர் 23ஆம் நாளும் 25ஆம் நாளும் இரங்கூன் மீது குண்டுகள் வீழ்ந்தன. 1942 மார்ச் 8ஆம் நாள் நகரம் வீழ்ந்தது. கப்பலில் இடம் கிடைத்தோர் கடல்வழி வந்தனர். ஏனையோர் கால்நடையாகப் புறப்பட்டனர். புரோம் வழியாக அரக்கான் மலை கடந்து அக்கியாபுக்கும் சிட்டகாங்குக்கும் சென்றது ஒரு வழி. மாந்தளையினின்றும் தாமு வழியாக மணிப்பூரை அடைந்து திமாப்பூரில் புகைவண்டி ஏறியது மற்றொரு வழி. வடக்கே ஹூக்காங் பள்ளத்தாக்கு வழியாக அசாமை அடைந்தது மூன்றாம் வழி. ஏறத்தாழ 4 முதல் 5 லட்சம் இந்தியர் இவ்வாறு வெளியேறினர். வாந்திபேதியும் மலைக்காய்ச்சலும் பசியும் பல்லாயிரவரை வழியிலேயே மாய்த்தன. மே மாதத்தில் மழை தொடங்கியபின் துன்பம் பன்மடங்கு ஆயிற்று.

இரங்கூனில் 'ஜோதி' இதழை நடத்திய அறிஞர் வெ. சாமிநாத சர்மா இவ்வழி நடந்து வந்தவர். அவர் தம் பர்மா நடைப் பயணத்தை நூலாகவும் எழுதியுள்ளார். ஆயின் அவ்வழியே நடந்த பிள்ளைகள் நூல் எழுதவில்லை. தந்தையின் தோளில் இருந்து வந்த குழந்தை, தாயை வழியில் அடக்கம் செய்துவிட்டு வந்த சிறுமி, ஒரு சொல்லும் தமிழ் எழுதப் படிக்கத் தெரியாது பர்மியம் மட்டும் கற்றிருந்த சிறுவன் ஆகியோரின் அனுபவங்கள் குடும்பங்களுக்குள்ளேயே பேசப்பட்டு மறைந்துவிட்டன.

அவர்கள் வந்து சேர்ந்த புதுக்கோட்டை அப்போது தனி சமஸ்தானம். இராஜகோபாலத் தொண்டைமான் மன்னர். அலெக்சாண்டர் டாட்டன்ஹாம் நிருவாகி. 1941ஆம் ஆண்டில் சமஸ்தானத்து மக்கள் ஏறத்தாழ 4 லட்சத்து 38 ஆயிரவர். வானம் பார்த்த பூமியும் ஏரிப் பாசனமும் உடைய நாடு இது. பர்மா அரிசி நின்றமையால் சென்னை மாகாணம் முழுவதும் உணவுத் தட்டுப்பாடு தோன்றியது. குண்டு விழாத ஊருக்கும் போர் இவ்வாறு அடுப்பங்கரை வழியாக வந்து சேர்ந்தது. நாட்டுப்புறம் என்றாலே பால் பொங்கும் பாதுகாப்பிடம் என்று எண்ணுதல் பொருந்தாது. வந்த பிள்ளைக்கு ஒரு கவளம் வைக்க, இருந்த பிள்ளையின் கவளம் குறைந்தது. குறைத்துக்கொண்டு ஏற்றவர்களே நம் முன்னோர்.

தந்தையரைத் தேடிய கடற்கரை ஊர்கள்

இங்குப் பெரிதும் கருதத்தக்க வேறொரு நிலையும் உண்டு. கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், அம்மாப்பட்டினம், மணமேற்குடி முதலிய கடற்கரை ஊர்கள் அந்நாளில் தஞ்சை மாவட்டத்தின் அறந்தாங்கி வட்டத்தைச் சார்ந்தவை. 1974 ஜனவரி 14ஆம் நாள் புதுக்கோட்டை மாவட்டம் அமைந்தபோது இதன்கண் இணைந்தன. அறந்தாங்கிப் பகுதியினின்றும் ஆடவர் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் பர்மாவுக்கும் 'சபர்' செல்வது தலைமுறை வழக்கம். மனைவி மக்கள் ஊரிலேயே இருப்பர்.

இங்கிலாந்தில் பெற்றோர் வீட்டில் இருக்கப் பிள்ளைகள் பெயர்ந்தனர். இங்கோ பிள்ளைகள் முன்னரே நாட்டுப்புறத்தில் இருந்தனர். தந்தையர் போருக்குள் அகப்பட்டனர். மலாயாவும் சிங்கப்பூரும் ஜப்பானியர் வசமானபின் கடிதப் போக்குவரத்து அறுந்தது. மாதந்தோறும் வந்த பணமும் நின்றது. 1942 தொடங்கி 1945 ஆகஸ்டில் போர் முடியும் வரை, ஏறத்தாழ மூன்றரை ஆண்டுக் காலம், தந்தை உயிருடன் உள்ளாரா என்பதே அறியாது பிள்ளைகள் வளர்ந்தனர். போர் முடிந்து தந்தை திரும்பியபோது அவரை அடையாளம் காணாத பிள்ளையும் இருந்திருக்கும். திரும்பாத தந்தைக்காகக் காத்திருந்த பிள்ளையும் இருந்திருக்கும். இடம்பெயராமலே பிரிவை அனுபவித்த இச்சிறாரைப் போர்க்கால வரலாற்று நூல்கள் கணக்கில் எடுப்பதில்லை. அன்னா பிராய்டு இலண்டனில் கண்ட உண்மை நம் கடற்கரைக்கும் பொருந்தும். பிரிவே பெருந்துன்பம்.

அயலார் பிள்ளையை ஏற்ற அரசர்

உறவில்லாப் பிள்ளைகளை ஏற்ற நிகழ்ச்சிக்கும் நம் நாட்டில் சான்று உண்டு. சோவியத் நாட்டுக்குக் கடத்தப்பட்ட போலந்து மக்களின் பிள்ளைகள், பெற்றோரை இழந்தும் பிரிந்தும் அலைந்தனர். 1942இல் அவர்களுக்கு நவாநகர் சமஸ்தான மன்னர் ஜாம் சாகேப் திக்விஜய்சிங் தம் நாட்டின் பாலாசடி என்னும் கடற்கரை ஊரில் இல்லம் அமைத்துக் கொடுத்தார். பல நூறு பிள்ளைகள் அங்கு 1946 வரை வாழ்ந்தனர். தம் மொழியிற் கற்கவும், தம் சமயப்படி வழிபடவும், தம் விழாக்களைக் கொண்டாடவும் அவர்களுக்கு வாய்ப்பளிக்கப்பட்டது. வார்சா நகரின் சதுக்கம் ஒன்று இன்று 'நல்ல மகாராஜா' என்னும் பெயர் தாங்கி நிற்கிறது. மொழியும் சமயமும் நிறமும் வேறான பிள்ளைகளை ஏற்றதோடு நில்லாது, அவர்களை அவர்களாகவே வாழவிட்டமை இந்நிகழ்ச்சியின் சிறப்பு.

நம்மிடையே உள்ள முகாம்கள்

இவ்வரலாறு 1945உடன் முடிந்துவிடவில்லை. 1983 ஜூலைக் கலவரத்தின்பின் ஈழத் தமிழர் பாக்குநீரிணை கடந்து தமிழகம் வரத் தொடங்கினர். 1990இல் மீண்டும் பெருந்தொகையினர் வந்தனர். நம் மாவட்டத்தில் லேனாவிளக்கு, தோப்புக்கொல்லை, அழியாநிலை ஆகிய மூன்று இடங்களில் அவர்களுக்கு முகாம்கள் அமைந்தன. படகில் கைக்குழந்தையாக வந்தவர் இன்று பெற்றோராகியுள்ளனர். அவர்தம் பிள்ளைகள் இம்மண்ணிலேயே பிறந்தவர்கள். 1984இல் தோன்றிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் கல்வியையே முதற்பணியாகக் கொண்டது. 2021இல் தமிழக அரசு இம்முகாம்களுக்கு 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' எனப் பெயர் மாற்றியது.

1990 அக்டோபர் இறுதியில் இலங்கையின் வடமாகாணத்து முஸ்லிம்கள், 70 ஆயிரத்துக்கு மேற்பட்டோர், விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டதும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. யாழ்ப்பாண நகரத்தார்க்குச் சில மணி நேரமே அவகாசம் தரப்பட்டது. அவர்தம் பிள்ளைகளுட் பெரும்பாலோர் புத்தளப் பகுதியின் முகாம்களில் வளர்ந்தனர். துன்புற்ற பிள்ளையின் கண்ணீரில் இன வேறுபாடு இல்லை. ஒருசாரார் பிள்ளைக்கு இரங்கி மறுசாரார் பிள்ளையை மறப்பது அறமாகாது.

ஒப்பு நோக்கிற் பெறப்படுவன

இதுகாறும் கண்டவற்றால் மூன்று உண்மைகள் பெறப்படுகின்றன.

ஒன்று: அரசின் திட்டம் விரைவு தரும், ஆயின் தாயின் இடத்தை நிரப்பாது. ஆதலின் இயன்றவரை பிள்ளையைத் தாயொடும் உடன்பிறந்தாரொடும் சேர்த்தே பெயர்த்தல் வேண்டும்.

இரண்டு: உறவின் அரவணைப்பு இனிது, ஆயின் உறவற்றாரை அது எட்டாது. எட்டாத இடத்தில் அரசும் ஊரும் பொறுப்பேற்றல் வேண்டும்.

மூன்று: சோறும் கூரையும் உயிரைக் காக்கும், பள்ளியே பிள்ளையை மீண்டும் பிள்ளையாக்கும். வகுப்பறையில் ஒரு மாணவனை 'அகதி வீட்டுப் பையன்' என்று சுட்டாமல் அவன் பெயர் சொல்லி அழைப்பது ஆசிரியர் செய்யக்கூடிய எளிய உதவி. பாலாசடி இவ்வுண்மையை அன்றே உணர்ந்திருந்தது.

மாணவர் செய்யத்தக்க பணி

1942இல் பத்து வயதினராயிருந்தோர் இன்று தொண்ணூறு வயதைக் கடந்தவர்கள். பர்மா வழி நடந்த பிள்ளைகளுள்ளும், தந்தையின் கடிதத்துக்காகக் காத்திருந்த பிள்ளைகளுள்ளும் நம்மிடையே எஞ்சியிருப்போர் மிகச் சிலரே. அவர்கள் மறைந்தால் அவர்தம் வரலாறும் உடன் மறையும். மன்னர் பெயரும் நிருவாகி பெயரும் ஆவணங்களில் உள்ளன. இப்பிள்ளைகள் பட்டபாடு எந்த ஆவணத்திலும் இல்லை.

ஆகவே நம் மாணவர்கள் தத்தம் வீட்டிலும் தெருவிலும் உள்ள முதியோரை அணுகிக் கேட்டு எழுதுதல் வேண்டும். எந்த ஊரினின்றும் எவ்வழி வந்தீர்கள்? உடன் வந்தவர் யார், வழியில் இழந்தவர் யார்? முதலில் உங்களுக்குச் சோறிட்டவர் யார்? பள்ளியில் எந்த வகுப்பில் சேர்த்தார்கள்? அத்தா திரும்பி வந்த நாள் நினைவிருக்கிறதா? இவ்வைந்து வினாக்களே போதும். சொல்லியவாறே, அவர்தம் பேச்சுமொழியிலேயே எழுதிக்கொள்ள வேண்டும். திருத்தி அழகுபடுத்தல் வேண்டா. முதியோர் சொல்ல விரும்பாத துயரத்தைத் தூண்டிக் கேட்டலும் வேண்டா. பழைய கடிதமோ பயணச்சீட்டோ நிழற்படமோ வீட்டில் இருப்பின் அதனைப் படியெடுத்துக்கொண்டு உரியவரிடமே திருப்பித் தருதல் வேண்டும். ஊர்ப் பெரியவர்கள் இப்பணிக்கு வாயில் திறந்து விடுவார்களாயின், நம் மாவட்டத்தின் எழுதப்படாத வரலாற்றில் ஒரு பகுதியேனும் எஞ்சும்.

முடிவுரை

போரினின்றும் பிள்ளையை அகற்றும் வண்டியையும் கப்பலையும் உலகம் பெரிதாகப் பேசுகிறது. அவ்வண்டி நின்ற ஊரில், விளக்கேற்றிக் கதவு திறந்த வீட்டைப் பற்றிப் பேசுவார் குறைவு. பறம்பு மலையினின்றும் வந்த மகளிர்க்கு அத்தகைய வீடு எளிதிற் கிட்டவில்லை. பர்மாவினின்றும் வந்த பிள்ளைகள் பலர்க்கு உறவினர் வீடு கிட்டிற்று. ஈழத்தினின்றும் வந்த பிள்ளைகளுக்கு முகாம் கிட்டிற்று. அயலாரின் நட்பும் அவர்களுக்கு முழுமையாகக் கிட்டும்வரை நம் கடமை முடிந்ததாகாது. முதியோரின் நினைவைக் குறித்துவைத்தலும், நம் வகுப்பில் அருகமர்ந்த மாணவனைத் தோழனாக ஏற்றலும் ஆகிய இவ்விரண்டும் இன்றே தொடங்கத்தக்கன.